வேலையும் வீடும் மரதனும்: மட்டக்களப்பு, அம்பாறை ஓட்டக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காலை 8.30க்குக் கந்தோரில் கையெழுத்து, பின்னேரம் பிள்ளைகளின் ரியூசன், இடையில் சந்தை, கோயில், பள்ளிவாசல், கலியாணவீடு. இதற்குள் 21 அல்லது 42 கிலோமீற்றர் ஓட ஆசைப்படுகிறவர்களுக்கான பதில்கள் இவை. வேகக் கணக்கெல்லாம் 10 கிலோமீற்றரை 50 நிமிடத்தில் ஓடி முடிக்கும் ஒருவரை வைத்துப் போட்டது. உங்கள் நேரம் வேறென்றால் அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக் கொள்ளுங்கள்.

பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மரதன் ஓடியிருக்கிறேன். அதுவும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. பாடசாலைகளில் மரதன் என்று சொல்லி ஓடவிடுவது பெரும்பாலும் 5 முதல் 10 கிலோமீற்றர். உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர், 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம், 1921இல் நிரந்தர அளவானது. அரை மரதன் அதில் சரிபாதி. பாடசாலை மரதனை மூச்சைப் பிடித்து ஓடி முடித்துவிடலாம். இதில் 30 கிலோமீற்றர் தாண்டும்போது தசையில் சேமித்த மாச்சத்து தீர்ந்துபோகும். அங்கே வீரம் எடுபடாது. முதலில் ஒரு வருடம் 10 கிலோமீற்றரும் அரை மரதனும் ஓடிப் பழகிவிட்டு முழு மரதனுக்குப் போங்கள்.

நேரமே இல்லை. கிழமைக்குக் குறைந்தது எத்தனை நாள் ஓட வேண்டும்?

நாலு நாள். மூன்று நாளில் அரை மரதனை முடிக்கலாம், ஆனால் ஒவ்வொரு ஓட்டமும் பாரமாக இருக்கும். அரை மரதனுக்குக் கிழமைக்கு 30 முதல் 40 கிலோமீற்றர் போதும். முழு மரதனுக்கு 45 முதல் 60 வேண்டும். 40 கிலோமீற்றர் என்பது மொத்தமாக நாலேகால் மணித்தியாலம்தான். தொலைபேசியில் போகிற நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேலைக்குப் போகிறவருக்குப் பொருந்தும் ஒரு கிழமை இப்படி இருக்கும். செவ்வாய் 8 கிலோமீற்றர் மெதுவாக, முடிவில் 20 செக்கன் விரைவோட்டம் ஆறு தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிடம் நடை. வியாழன் கடினமான நாள்: 2 கிலோமீற்றர் உடம்பைச் சூடாக்கி, கிலோமீற்றருக்கு 5 நிமிடம் 5 செக்கன் வேகத்தில் 12 நிமிடம், 3 நிமிடம் மெல்லோட்டம், திரும்ப 12 நிமிடம், கடைசியில் 2 கிலோமீற்றர் மெதுவாக. சனி 6 கிலோமீற்றர் மெதுவாக. ஞாயிறு நெடுந்தூரம், 14இல் தொடங்கி இரண்டு கிழமைக்கு ஒருக்கா 2 கிலோமீற்றர் கூட்டலாம். நாலாவது கிழமை எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள்.

ஒரு நாள் தவறினால் தவறியதுதான். வியாழன் விட்டதைச் சனிக்குரியதோடு சேர்த்து ஓடப் போவதுதான் காயத்துக்கு நேர்வழி. கிழமையே குழம்பிவிட்டால் ஞாயிறு ஓட்டத்தையும் இன்னொரு மெதுவான ஓட்டத்தையும் மட்டும் காப்பாற்றுங்கள், மிச்சத்தை மறந்துவிடுங்கள்.

எந்த நேரத்தில் ஓடுவது?

வெள்ளென. இங்கே சூரியன் வருடம் முழுவதும் 5.45க்கும் 6.25க்கும் இடையில் எழும்பிவிடும், எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள் சுடத் தொடங்கும். சாதாரண நாளில் 4.45க்கு வாசலைத் தாண்டினால் 5.45க்கு வீடு, குளித்து, சாப்பிட்டு, பிள்ளைகளை எழுப்ப நேரம் இருக்கும். ஞாயிறு 4.30. எந்த நெடுந்தூர ஓட்டமும் 7.30ஐத் தாண்டக்கூடாது என்று கணக்குப் போட்டுத் தொடங்குங்கள். 6.30க்குக் கிளம்பி 18 கிலோமீற்றர் ஓடுகிறவர் தன்னை வெயிலில் வாட்டுகிறாரே தவிரப் பயிற்சி செய்யவில்லை.

பின்னேரம் கடற்காற்று வீசினாலும் தார் வீதி பகல் முழுக்க வாங்கிய சூட்டைக் காலடியில் திருப்பித் தரும், அதோடு வாகன நெரிசலும் சேரும். வேறு வழியே இல்லாதவர்கள் 5.30க்குப் பிறகு கடற்கரைப் பக்கம் ஓடலாம்.

4.30க்கு எழும்ப வேண்டுமென்றால் 9.30க்குப் படுக்க வேண்டும். ஆறு மணித்தியாலத்துக்குக் குறைவாகத் தூங்கிய நாளில் கடினமான ஓட்டத்தை மெதுவான ஓட்டமாக மாற்றுங்கள். இரண்டு இரவு தொடர்ந்து அப்படியென்றால் தூங்குவதே அன்றைய பயிற்சி.

‘மெதுவாக’ என்றால் எவ்வளவு மெதுவாக?

நீங்கள் நினைப்பதைவிட மெதுவாக. எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் செய்யும் பிழை இதுதான்: மெதுவான நாளை நடுத்தர வேகத்தில் ஓடுவது. அதனால் வியாழக்கிழமை கால் எழும்பாது.

கல்லடியிலிருந்து நாவலடிப் பக்கம் ஓடும்போது, நேற்று வீட்டில் என்ன கறி, யார் வந்தார்கள், மீன் என்ன விலை என்று பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வசனமாகச் சொல்ல வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது. எடுத்துக்கொண்ட உதாரணக்காரருக்கு இது கிலோமீற்றருக்கு 6 நிமிடம் 15 செக்கன் முதல் 6.45 வரை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இன்னும் 20, 30 செக்கன் கூடும். அதை உடம்பு பலவீனமானதாக எடுக்கக்கூடாது. தோலைக் குளிரவைக்கவே நிறைய இரத்தம் போவதால் காலுக்குப் போவது குறைகிறது, இதயம் அதே வேகத்துக்குக் கூடுதலாக அடிக்கிறது. கைக்கடிகாரம் காட்டும் வேகத்தைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் மெதுவான நாட்களில் அதைச் சட்டைக் கைக்குள் மறைத்துவிட்டு ஓடுவது நல்லது.

வியாழக்கிழமை வேக ஓட்டம் சரியாக வருகிறதா என்று எப்படித் தெரியும்?

கடைசித் துண்டும் முதல் துண்டும் ஒரே நேரத்தில் முடிந்தால் சரி. 800 மீற்றர் ஆறு தடவை ஓடுகிறீர்கள் என்றால் ஒவ்வொன்றும் 3 நிமிடம் 45 செக்கன், நடுவே 2 நிமிடம் மெல்லோட்டம். முதலாவதை 3.25இல் ஓடி கடைசியை 4.05இல் முடிப்பவர் முழுவதையும் வீணாக்குகிறார். இரண்டு துண்டு தொடர்ந்து 5 செக்கனுக்கு மேல் பிந்தினால் அங்கேயே நிறுத்திவிட்டு மெதுவாக வீடு திரும்புங்கள். புழுக்கம் கூடிய நாளில் 12 நிமிடத் துண்டுகளை 6 நிமிடத் துண்டுகளாக உடைத்து, நடுவே ஒரு நிமிடம் நடக்கலாம். பலன் அவ்வளவாகக் குறையாது.

விலை கூடிய கடிகாரம் இல்லாமல் தூரத்தை அளப்பது எப்படி?

சைக்கிள் போதும். ரயரில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, காற்றை நன்றாக அடித்து, ஏறி உட்கார்ந்தபடி நேர்கோட்டில் பத்துச் சுற்று உருட்டுங்கள். ஆள் ஏறாமல் தள்ளிக்கொண்டு போனால் ரயர் அமுங்காது, அளவு கூடிவிடும். பத்துச் சுற்றின் தூரத்தை அளவுநாடாவால் அளந்து பத்தால் வகுத்தால் ஒரு சுற்றின் நீளம். அது 2.15 மீற்றர் என்று வந்தால் 465 சுற்று ஒரு கிலோமீற்றர். சில்லுக் கம்பியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, அது மேலே வரும்போதெல்லாம் எண்ணுங்கள். நூறுக்கு ஒரு புளியங்கொட்டையைச் சட்டைப் பையில் போட்டால் எண்ணிக்கை தப்பாது. சர்வதேசப் போட்டி வீதிகளையும் சைக்கிளில் எண்ணும் கருவி பூட்டித்தான் அளக்கிறார்கள், முறை ஒன்றுதான்.

மைதானத்தில் ஓடுகிறவர்கள் முதலில் பாதையை அளந்து பாருங்கள். பாடசாலை மைதானங்கள் பலவற்றில் சுற்று 400 மீற்றர் இராது. 400 இருந்தாலும் அது உள்பாதைக்குத்தான். இரண்டாவது பாதையில் ஒரு சுற்று ஏறத்தாழ 407 மீற்றர்.

ஊரில் மலையே இல்லை. ஏற்றப் பயிற்சிக்கு என்ன செய்வது?

கவலைப்பட ஒன்றுமில்லை. நீங்கள் ஓடப்போவது தட்டையான கரையோர வீதி என்றால் ஏற்றப் பயிற்சி இல்லாமலே சமாளிக்கலாம். கண்டி, நுவரெலியாப் பக்கம் போவதாக இருந்தால் மட்டும் கல்லடிப் புதிய பாலத்தின் ஏற்றத்தையோ மண்முனைப் பாலத்தையோ பயன்படுத்துங்கள். சாய்வு சிறிதுதான், ஆகவே பத்துத் தடவையாவது ஏறி இறங்க வேண்டும். எதிர்க்காற்றும் ஒரு மலைதான். மாடிப்படியில் ஒற்றைக் காலில் குதிக்காலை உயர்த்தி இறக்குவது, காலுக்கு 15 தடவை, மூன்று முறை, கிழமைக்கு இரண்டு நாள் செய்தால் இன்னும் நல்லது.

நெடுந்தூர ஓட்டத்துக்கு எந்த வழி நல்லது?

ஒரே திசையில் 12 கிலோமீற்றர் போய்த் திரும்புவதைவிட 5, 6 கிலோமீற்றர் வட்டம் நல்லது. ஒவ்வொரு வட்டத்திலும் வீட்டு மதிலில் வைத்த தண்ணீர்ப் போத்தலைத் தாண்டுவீர்கள். கால் பிடித்துக்கொண்டால் நடந்தே வீட்டுக்கு வரலாம். பாலமீன்மடு வெளிச்சவீடு வரை போய் அங்கே குடிக்க எதுவும் இல்லாமல் நிற்பது நல்ல காட்சிதான், நல்ல திட்டமல்ல.

முழு மரதனுக்கு 28 முதல் 32 கிலோமீற்றர் ஓட்டம் மூன்று போதும். மூன்றேகால் மணித்தியாலத்துக்கு மேல் பயிற்சியில் ஓட வேண்டாம். அதற்குப் பிறகு தேறும் பலனைவிட உடைவு கூட.

படுவான்கரையின் (வாவியின் மேற்குப் பக்கம்) உட்பகுதிகளிலும் அம்பாறையின் காட்டோர வீதிகளிலும் இருட்டில் ஓடவே கூடாது. யானை வீதியில் நிற்பது பத்து மீற்றருக்குள் வந்த பிறகுதான் தெரியும். அந்தப் பக்கத்தவர்கள் விடிந்த பிறகு, ஊருக்குள் சுற்றி ஓடுங்கள். எழுவான்கரையில் (கடலோரப் பக்கம்) பெருவீதியில் ஓடுகிறவர்கள் வலப்பக்கமாக, வாகனத்துக்கு முகம் கொடுத்து ஓடுங்கள். வீதியின் ஓரம் சரிவாக இருப்பதால் எப்போதும் ஒரே பக்கம் ஓடினால் சரிவின் கீழ்ப்பக்கக் காலின் முழங்கால் வெளிப்புறம் நோகத் தொடங்கும். உள்வீதிகளில், வாகனம் இல்லாத நேரம், நடுவில் ஓடி அதைச் சமன் செய்யலாம்.

எவ்வளவு தண்ணீர் குடிப்பது? வழியில் குடிக்காமல் ஓடிப் பழகினால் உடம்பு பழகிவிடும் என்கிறார்களே?

உடம்பு சூட்டுக்குப் பழகும். 10 முதல் 14 நாளில் வியர்வை வெள்ளென வரத் தொடங்கும், அதில் உப்பும் குறையும். தண்ணீர்க் குறைவுக்கு ஒருபோதும் பழகாது.

உங்கள் வியர்வையை நீங்களே அளங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, உடுப்பில்லாமல் நிறுத்துப் பாருங்கள். ஓடி முடிந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டுத் திரும்ப நிறுங்கள். 64.0 கிலோ 62.8 ஆகி, நடுவே அரை லீற்றர் குடித்திருந்தால் போன வியர்வை 1.7 லீற்றர். அது ஒன்றேகால் மணித்தியால ஓட்டமென்றால் மணித்தியாலத்துக்கு 1.36 லீற்றர். அத்தனையையும் ஓடும்போதே குடிக்க வயிறு இடம் தராது, தேவையும் இல்லை. மணித்தியாலத்துக்கு 400 முதல் 700 மில்லிலீற்றர் குடித்து, எடை இழப்பு 2 வீதத்தைப் பெரிதாகத் தாண்டாமல் பார்த்தால் போதும். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால்தான் ஆபத்து: வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போனால் தலையிடி, வாந்தி, விரல் வீக்கம், கடைசியில் வலிப்பு வரை போகும்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட ஓட்டத்துக்கு வீட்டுக் கலவை: ஒரு லீற்றர் தண்ணீர், 60 கிராம் சீனி (மட்டமாக ஐந்து மேசைக்கரண்டி), கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேசிக்காய். சீனியை இதற்கு மேல் கூட்டினால் வயிற்றில் தங்கிக் குமட்டும். ஜீவனி பக்கற் வயிற்றோட்டத்துக்கு ஆனது. உப்புக் கூட, சீனி குறைவு. ஓடி முடித்த பிறகு குடிக்க நல்லது, ஆனால் ஒரு பக்கற்றுக்கு ஒரு லீற்றர் என்ற அளவை மாற்றாதீர்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். வியர்வையில் போவதோ சோடியம். ஆகவே இளநீரோடு உப்புப் போட்ட கஞ்சியோ கறியோ சேர வேண்டும்.

ஓட்டக்காரர் ஜெல் (ஓடும்போது உறிஞ்சும் இனிப்புக் கூழ்) இங்கே கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை. பதிலுக்கு என்ன?

தேவை மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து, முதல் 40 நிமிடத்துக்குள்ளேயே தொடங்க வேண்டும். பசித்த பிறகு சாப்பிட்டால் பிந்திவிட்டது. கொட்டை எடுத்த சாதாரணப் பேரீச்சம்பழம் ஐந்து, அல்லது பெரிய வாழைப்பழம் ஒன்று, அல்லது குளுக்கோஸ் மா 30 கிராம்: ஏறத்தாழ எல்லாம் ஒரே கணக்கு. கருப்பட்டித் துண்டும் சரி. எதைச் சாப்பிட்டாலும் கூடவே நாலு மிடறு தண்ணீர். பேரீச்சம்பழத்தை முழுதாக விழுங்காமல் முதல் நாளே நாலாகக் கீறி வையுங்கள். முழுதாகப் போட்டால் ஓடிக்கொண்டு மெல்லும்போது தொண்டையில் நிற்கும்.

75 நிமிடத்துக்குக் குறைந்த காலை ஓட்டத்துக்கு முன் எதுவும் தேவையில்லை, ஒரு பிளேன்ரீ போதும். நெடுந்தூர நாளில் அரை மணித்தியாலத்துக்கு முன் இரண்டு துண்டு பாணும் ஜாமும்.

போட்டிக்கு முந்தைய இரண்டு நாளும் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 8 கிராம் மாச்சத்து என்று வையுங்கள். 64 கிலோக்காரருக்கு 510 கிராம். சமைக்காத அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 78 கிராம் இருக்கிறது, மிச்சத்தை இடியப்பம், பாண், சீனி போட்ட தேத்தண்ணி நிரப்பும். கடைசி நாளில் சிவப்பரிசியை விட்டு வெள்ளைக்கு மாறுங்கள். கீரை, பருப்பு, உறைப்புச் சம்பல், கெட்டிப் பாற்சொதி எல்லாம் குறையட்டும். அதெல்லாம் நல்ல சாப்பாடுதான், ஆனால் 25ஆவது கிலோமீற்றரில் மலசலகூடம் தேட வைக்கும்.

நோன்பு காலத்தில் எப்படிப் பயிற்சி செய்வது?

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்து வருடாவருடம் வரும் கேள்வி. ஸஹருக்கு (விடியமுன் சாப்பாடு) பிறகு ஓடுவது வசதியாகத் தெரிந்தாலும் அதுதான் மோசமான நேரம்: வியர்வையாகப் போன தண்ணீரைப் பகல் முழுக்கத் திருப்ப முடியாது. நோன்பு திறக்க 40 நிமிடத்துக்கு முன் தொடங்கும் மெதுவான 5, 6 கிலோமீற்றர் சரி. முடித்தவுடன் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கிடைக்கும். தலைசுற்றல் வந்தால் அந்த இடத்தில் நிறுத்தி நடங்கள். கடினமான ஓட்டத்தைத் தராவீஹ் (நோன்பு கால இரவுத் தொழுகை) முடிந்து, கிழமைக்கு ஒரு இரவு மட்டும். நெடுந்தூரத்தையும் அப்படியே இரவில், 75 முதல் 90 நிமிடத்துக்குள் முடியுங்கள். மொத்தத் தூரம் வழமையின் 60 வீதம் போதும். ஒரு மாதத்தில் தகுதி ஓடிப்போய்விடாது. நோன்புக் கஞ்சி ஓட்டக்காரனுக்கென்றே செய்தது போல: தண்ணீர், உப்பு, அரிசி மூன்றும் ஒரே கோப்பையில். போட்டி பெருநாளுக்கு ஆறு கிழமையாவது பிந்தியதாகத் தெரிவு செய்யுங்கள்.

மாரியில் வீதியெல்லாம் வெள்ளம். என்ன செய்வது?

மழையில் நனைந்து ஓடலாம், வெள்ளத்தில் இறங்கி ஓடக்கூடாது. வயலோரம் தேங்கிய தண்ணீரால் எலிக்காய்ச்சல் பரவும். காலில் உரசல் காயம் இருந்தால் கிருமி அதன் வழியே உள்ளே போகும். மூழ்கிய வடிகாலும் கண்ணுக்குத் தெரியாது. இடி கேட்டால் உள்ளே வாருங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள். ஐப்பசி, கார்த்திகைப் பின்னேரங்களில் இது முக்கியம், கடற்கரையில் நீங்கள்தான் உயரமான பொருள்.

நனைந்த சப்பாத்துக்குள் பழைய பத்திரிகையைக் கசக்கி அடைத்து, இரண்டு மணித்தியாலத்தில் ஒருக்கா மாற்றுங்கள். வெயிலிலோ அடுப்படியிலோ காயவைத்தால் பசை விடும், நடு மெத்தை இறுகிவிடும். வெளியே போகவே முடியாத நாளில் மாடிப்படி 20 நிமிடம், கயிறடித்தல் 10 நிமிடம். வெள்ளம் வடிந்த தை, மாசி விடியற்காலைதான் இங்கே வருடத்தின் மிக நல்ல ஓட்டக் காலம், அதை வீணாக்காதீர்கள்.

சப்பாத்து எப்படிப் பார்த்து வாங்குவது?

பின்னேரம் போங்கள், அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் காலுறையோடு போட்டுப் பாருங்கள். எழும்பி நின்றால் கால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கைப் பெருவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் நகம் கறுக்கும். சப்பாத்தை நடுவில் மடித்துப் பாருங்கள்: விரல் மடியும் இடத்தில் மட்டும் மடிய வேண்டும், நடுப்பாதத்தில் மடிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஆயுள் 500 முதல் 800 கிலோமீற்றர். அடியில் தேயாமல் இருந்தாலும் நடு மெத்தை செத்திருக்கும். பாவித்த இறக்குமதிச் சப்பாத்துகள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் பழைய பசை நம் சூட்டில் இரண்டாம் கிழமையே வாய் பிளக்கும்.

கடற்கரையில் வெறுங்காலோடு ஓடுவது நல்லதா?

அளவோடு நல்லது. அலை வந்து போகும் இறுகிய ஈரமணலில் மட்டும், முதல் மாதம் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உலர்ந்த மணலில் குதிக்கால் புதைந்து, குதிக்கால் தசைநாண் வழமையைவிட அதிகம் இழுபடும். கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் போன தூரம் அளவுக்கு அப்படியே திரும்பி ஓடுங்கள். வள்ளம் இழுக்கும் இடங்களில் தூண்டில் முள்ளும் வலைத்துண்டும் கிடக்கும், அங்கே சப்பாத்தோடுதான்.

கால் நோகிறது. ஓடலாமா, நிறுத்தவா?

ஓடத் தொடங்கிய பிறகு குறைந்து மறையும் உளைவு என்றால் மெதுவாக ஓடலாம். ஓட ஓடக் கூடினால், நொண்ட வைத்தால், நிறுத்துங்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் நீளத்துக்கும் பரந்த நோ என்றால் தூரத்தைத் திடீரென்று கூட்டியதால் வந்தது, இரண்டு கிழமை பாதியாகக் குறைத்தால் தணியும். ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் நோவென்றால், ஒற்றைக் காலில் துள்ளும்போது அது குத்தினால், எலும்பில் நுண்வெடிப்பாக இருக்கலாம். ஓடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

குதிக்காலுக்கு மேலே தசைநாணில் காலையில் விறைப்பென்றால் படி விளிம்பில் நின்று, நல்ல காலால் உயர்ந்து, நோகும் காலால் மெல்ல இறங்குங்கள்: 15 தடவை, மூன்று முறை, காலையும் மாலையும், 12 கிழமை. பொறுமை இல்லாதவர்கள் மூன்றாம் கிழமையில் விட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள்.

ஓட்டத்துக்கு முன் நோமாத்திரை போடும் பழக்கம் வேண்டாம். வியர்த்துத் தண்ணீர் குறைந்த உடம்பில் டைக்ளோபெனக், ஐபுபுரோபன் சிறுநீரகத்தைத் தாக்கும்.

டெங்கு வந்து போனது. எப்போது திரும்ப ஓடலாம்?

வைத்தியர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சரி என்ற பிறகு, இன்னும் இரண்டு கிழமை நடை மட்டும். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று 20 நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். காலையில் எழுந்ததும் எண்ணும் நாடித்துடிப்பு வழமையைவிடப் பத்துக் கூட இருக்கும்வரை வேகம் வேண்டாம். எந்தக் காய்ச்சல் என்று தெரியாத கட்டத்தில் பரசிற்றமோல் தவிர வேறு நோமாத்திரை போடக்கூடாது. டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவு கூடும். காய்ச்சலோடு ‘வியர்த்தால் விட்டுவிடும்’ என்று ஓடப்போவது முட்டாள்தனம்.

பெண்கள் கவனிக்க வேண்டியது?

ஓட்டம் நியாயமில்லாமல் பாரமாகி, படியேற மூச்சு வாங்கினால் முதலில் ஹீமோகுளோபினும் பெரிட்டினும் (உடம்பில் சேமித்த இரும்பின் அளவு) பார்க்கச் சொல்லுங்கள். மாதவிடாயும் வியர்வையும் பாதம் தரையில் அடிபடுவதும் சேர்ந்து இரும்புச்சத்தைக் குறைக்கும். நம் வழக்கத்தில் இன்னொரு களவு இருக்கிறது: சாப்பாட்டோடு தேத்தண்ணி. சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பு உறிஞ்சுவதைத் தேயிலை தடுக்கும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள், கறிக்குத் தேசிப்புளி விடுங்கள். இரும்பு மாத்திரையைப் பரிசோதனை இல்லாமல் தொடங்க வேண்டாம். மாதவிடாய் மூன்று மாதம் நின்றால் சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்வதாக இருக்கலாம், அப்படியென்றால் எலும்பும் சேர்ந்து மெலியும்.

நீளக்கை, தலைமறைப்பு போட்டு ஓடுகிறவர்கள் பருத்தியைத் தவிர்த்து மெல்லிய விளையாட்டுத் துணியில் தைப்பியுங்கள். நனைந்த பருத்தி பாரமாகித் தோலை உரசும். உரசும் இடங்களில் வசிலின் போதும். இருட்டில் இருவராகவாவது ஓடுங்கள்.

தெருநாய் துரத்தினால்?

ஓட்டத்தை நிறுத்துங்கள், முகம் கொடுத்து நில்லுங்கள், குனிந்து கல்லெடுப்பது போலக் காட்டுங்கள். நம்மூர் நாய்களுக்கு அந்த மொழி புரியும். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

இரவு டியூட்டிக்காரர் எப்போது ஓடுவது?

டியூட்டி முடிந்து வந்தவுடன் அல்ல. தூங்கி எழும்பிய பிறகு, பின்னேரம், மெதுவாக. இரவு டியூட்டிக் கிழமையில் வேக ஓட்டமே வேண்டாம்.

போட்டியில் என்ன நேரம் வரும் என்று கணக்கிடலாமா?

தூரம் இரட்டிக்கும்போது நேரம் 2.085 மடங்காகும் என்பது பழைய, நம்பகமான கணக்கு. 10 கிலோமீற்றர் 50 நிமிடம் என்றால் அரை மரதன் 1 மணி 50, முழு மரதன் 3 மணி 50. ஆனால் கிழமைக்கு 50 கிலோமீற்றருக்குக் குறைவாக ஓடியவர் முழு மரதனுக்கு இன்னும் 10, 15 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். சூடான நாளில் அதற்கும் மேல். 3 மணி 50 என்பது கிலோமீற்றருக்கு 5 நிமிடம் 27 செக்கன். முதல் 5 கிலோமீற்றரை 5.35இல் ஓடுங்கள். கூட்டம் இழுத்துக்கொண்டு போகும், போகாதீர்கள்.

கடைசி மூன்று கிழமையில் தூரத்தை 80, 60, 40 வீதம் என்று குறையுங்கள். வேகத் துண்டுகளை முழுதாக நிறுத்த வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் குறையுங்கள்.

ஒருவர் ஓடும்போது தள்ளாடி விழுந்தால்?

பேச்சுக் குழறி, ஆளை அடையாளம் தெரியாமல், உடம்பு கொதித்தால் அது வெப்பத்தாக்கு. வியர்த்துக்கொண்டிருந்தாலும் அதுதான். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் குளிரவையுங்கள்: நிழலுக்கு இழுத்து, மேலுடுப்பைக் கழற்றி, கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி, விசிறுங்கள். மீன் வாடியிலோ கடையிலோ ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, கக்கம், தொடையிடுக்கில் வையுங்கள். நினைவு தெளியாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. முதல் அரை மணித்தியாலத்தில் சூடு இறங்குவதுதான் உயிரைத் தீர்மானிக்கும்.

கொழும்பில் போட்டி. எப்போது புறப்படுவது, எப்போது திரும்புவது?

முந்தின இரவு பஸ்ஸில் போய் விடிய இறங்கி நேரே தொடக்கக் கோட்டில் நிற்க வேண்டாம். ஒரு முழு இரவாவது அங்கே படுக்க வேண்டும். சப்பாத்து, இலக்கத் துண்டு, காலைச் சாப்பாடு மூன்றும் கைப்பையில், பஸ்ஸின் அடித்தட்டில் அல்ல. அங்கே விடியற்காலை நாலு மணிக்குக் கடை திறந்திராது, பாணும் வாழைப்பழமும் கொண்டு போங்கள்.

முடிந்த அன்றே திரும்புகிறவர்கள் ஏழெட்டு மணித்தியாலம் மடித்த காலோடு இருப்பீர்கள். நடைபாதை ஓர ஆசனத்தைப் பிடித்து, பஸ் நிற்கும் இடமெல்லாம் இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள். இருந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட நோவெடுத்தால் அது தசை உளைவு என்று விடாமல் அன்றே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். மற்றப்படி படியிறங்க நோகும் மூன்று நாள் நடை மட்டும், முழு மரதனுக்குப் பிறகு பத்தாம் நாள் 4 கிலோமீற்றர், மெதுவாக.